ஓயாமையும் உழைப்பும்

எந்நேரமும் மும்முரமாகக் காணப்படுகிறவனே உழைப்பாளி என்றும், மேசைமேல் காகிதம் குவியாதவனும் மாலையில் நேரத்தோடு எழுந்து வீட்டுக்குப் போகிறவனும் கடமையில் சிரத்தை குறைந்தவர்கள் என்றும் ஓர் அபிப்பிராயம், அரசாங்கம் தனியார் என்ற பேதமின்றி, நம் காரியாலயங்களில் வேரூன்றி நிற்கிறது. தீங்கற்ற பிரமை என்று இதை விட்டுவிடுவதற்கில்லை. இதை வைத்துத்தான் பதவி உயர்வு கொடுக்கப்படுகிறது, மறுக்கப்படுகிறது. மேலதிகாரி இன்னும் எழவில்லை என்ற ஒரே காரணத்தால் இரவு எட்டு மணி வரை கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளைஞர்களும், வீட்டில் குழந்தை காத்திருக்க அவர்களோடு உட்கார்ந்திருக்கும் பெண்களும் தங்கள் ஆயுளின் ஒரு பகுதியை இதற்குக் கப்பமாகக் கட்டுகிறார்கள். ஆகவே இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் நியாயங்களைத் தனித்தனியே எடுத்துப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

நேரம் கூடினால் விளைவும் கூடும் என்பது முதல் நியாயம். ஜெர்மனியில் யேனா நகரத்து ஸைஸ் தொழிற்சாலையை நடத்திய எர்ன்ஸ்ட் ஆபே என்னும் பௌதிக விஞ்ஞானி, 1900-ஆம் ஆண்டில் வேலை நேரத்தை ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைத்து, அதே தொழிலாளிகள் முன்னும் பின்னும் செய்த வேலையை ஒப்பிட்டுப் பார்த்தபோது, எட்டு மணி நேரத்து விளைவு பழைய அளவுக்குக் குறையாததோடு சற்று மிகுந்தும் இருக்கக் கண்டார். முதல் உலக யுத்தத்தின்போது பிரிட்டனின் ஆயுதத் தொழிற்சாலைகளில் நடந்த ஆராய்ச்சிகளும், மிக நீண்ட வேலை நேரத்தைக் குறைத்தபோது உற்பத்தி வீழ்ந்துவிடவில்லை என்றே காட்டின. கைத்தொழிலின் கதியே இதுவானால், களைத்த மூளையைக் கொண்டு இரவில் எழுதிய குறிப்பை மறுநாள் காலையில் திருத்தி எழுத வேண்டியிருக்கும் உத்தியோகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது நியாயம் இதைவிட வலுவுள்ளதுபோல் தோன்றும். வேலை இல்லாமலா இத்தனை பேர் இவ்வளவு பரபரப்பாக இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். சிங்கப்பூரில் அப்போதிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சரித்திரப் பேராசிரியராக இருந்த பார்க்கின்ஸன் 1955-இல் இக்கேள்விக்கு விடை எழுதினார். 1914-க்கும் 1928-க்கும் இடையில் பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய கப்பல்கள் 62-லிருந்து 20-ஆகக் குறைந்தன. கடற்படை வீரர்களின் தொகையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தலைமைக் காரியாலயத்து அதிகாரிகளோ 2,000 பேரிலிருந்து 3,569 பேராகப் பெருகினார்கள். அவர்களில் யாரும் சோம்பேறி என்று அவர் சொல்லவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்த, திருத்தியதை மூன்றாமவர் ஆட்சேபிக்க, அதற்குச் சமாதானம் எழுத மறுபடியும் முதலாமவரிடம் வர, எல்லோரும் உண்மையாகவே களைத்துப் போனார்கள் என்பதுதான் அவர் விளக்கத்தின் சாரம். பரபரப்பு இருந்தது, அது கப்பல்களுக்காக இருக்கவில்லை.

இதைக் காணக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. கணவனை இழந்த ஒரு பெண் உதவித்தொகை கேட்டு மனுக் கொடுக்கிறாள். எழுத்தர் தம்மிடம் வரும் தாள்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் மனு ஏறுகிறது. கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை கேட்டுக் கடிதம் போகிறது. பதினைந்து நாள் கழித்து ஒரு நினைவூட்டு, பிறகு இரண்டாம் நினைவூட்டு. கடைசியில் வருமானச் சான்று இணைக்கப்படவில்லை என்று மனு திரும்பிப் போகிறது. இத்தனைக்கும் பதிவேட்டில் வரிசையாகத் தேதியும் ஒப்பமும் இருக்கும். சோதனைக்கு வருகிற அதிகாரி பிரிவு எழுத்தரைப் பாராட்டக்கூடும். அடுத்த மேசையில் இன்னொருவர், மனு வந்த அன்றே வாங்கிப் படித்து, சான்று இல்லாததை அந்தப் பெண்ணை எதிரில் உட்காரவைத்தே சொல்லி, கிராம நிர்வாக அலுவலரோடு தொலைபேசியில் பேசி, ஒரே கடிதத்தில் காரியத்தை முடித்துவிடுகிறார். அவர் பதிவேட்டில் இரண்டு வரிதான் இருக்கும். அவரைப் பார்த்துத்தான், “உங்களுக்கு வேலை குறைவு போலிருக்கிறதே, அந்த ஸீட்டையும் சேர்த்துப் பாருங்கள்” என்கிறார்கள். இதைவிடப் பெரிய அநீதி ஒரு நல்ல ஊழியனுக்குச் செய்ய முடியாது என்றே நான் கருதுகிறேன். பஸ்ஸுக்குக் கடன் வாங்கி நாலு தடவை தாலுகா ஆபீஸுக்கு வந்துபோன அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி தனி.

கை ஒன்றும் செய்யாமல் யோசித்துக்கொண்டிருப்பது வேலையாகாது என்பது மூன்றாவது நியாயம். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார்; அது அச்சாகி வெளிவந்தது 1887-இல். இடைப்பட்ட வருஷங்களில் அவர் செய்தவற்றுள் பெரும்பகுதி, வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஏட்டை வெறித்துக்கொண்டிருப்பதாகவே தோன்றியிருக்கும். ஜைன சமயப் பரிபாஷைகள் விளங்காமல் அவ்வூர் ஜைனர்களிடம் போய்க் கேட்டார். பிரதிக்குப் பிரதி பாடம் வேறுபட்ட இடங்களை ஒப்பிட்டார். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் நூற்பெயர் சொல்லாமல் எடுத்தாண்ட மேற்கோள்கள் எங்கிருந்து வந்தவை என்று தேடினார். ஒரு மேற்கோளின் இருப்பிடம் அகப்படாத நாளுக்குக் கணக்கில் காட்ட என்ன இருக்கிறது? ஆனால் அந்தத் தேடலே அவரைச் சங்க நூல்களின் சுவடிகளிடம் கொண்டு சேர்த்தது. 1889-இல் பத்துப்பாட்டும் 1894-இல் புறநானூறும் அவர் பதிப்பாக வந்தன. நாள்தோறும் இத்தனை பக்கம் என்று அவரிடம் யாரேனும் கணக்குக் கேட்டிருந்தால், பிழை மலிந்த ஒரு புத்தகம் சீக்கிரம் கிடைத்திருக்கும். மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த கணித மேதை ராமானுஜனையும் இங்கே நினைக்க வேண்டும். அங்கே அவருக்கு மேலதிகாரிகளாக இருந்த நாராயண ஐயரும் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருடைய கணிதத்தை இடையூறாக எண்ணாமல் ஆதரித்தார்கள். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவருடைய கடிதம் போனது அந்தக் குமாஸ்தா உத்தியோகக் காலத்தில்தான்.

எஞ்சி நிற்கும் ஆட்சேபம் ஒன்றுண்டு. அதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். பிரத்தியட்சமாகத் தெரிவதை விட்டுவிட்டால், யோசிக்கிறேன் என்று சொல்லித் தூங்குகிறவனை எப்படிப் பிடிப்பது என்கிறார்கள். இருப்பதே வேலையாக உள்ள தொழில்களும் உண்டு: இரவு முழுவதும் வார்டில் இருக்கும் நர்ஸும், ரயில்வே கேட்டைக் காப்பவரும் அங்கே இருந்தாக வேண்டும், அவர்கள் விஷயத்தில் நேரக் கணக்கு முற்றிலும் நியாயமானது. மற்ற இடங்களில் தூங்குகிறவனைப் பிடிக்கும் வழி, அவன் யாருக்காக உத்தியோகத்தில் இருக்கிறானோ அவர்களுக்குக் காரியம் ஆயிற்றா என்று விசாரிப்பதே. மும்முரத்தை மேற்பார்வை பார்ப்பதால் அவன் அகப்படவே மாட்டான், ஏனெனில் மும்முரமாகத் தோன்றுவதற்கு அவன் முதலிலேயே பழகிக்கொண்டு விடுவான். தன்பதிவேட்டில் கடிதம் போன தேதிக்கும் நினைவூட்டு போன தேதிக்கும் பக்கத்தில், மனுதாரர் கேட்டது அவர் கைக்குக் கிடைத்த தேதி என்று இன்னும் ஒரு பத்தி கட்டாயமாகச் சேர்க்கப்பட வேண்டும். பதவி உயர்வுக்குப் பெயர்களைப் பரிசீலிக்கும்போது அதிகாரிகள் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பத்தியைத்தான்.