ஸ்டேஜ் 1 ஃபைல்: தம்பி, அதை நான் ஏற்றித் தர மாட்டேன்

போன சனிக்கிழமை பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கோல்ஃப் ஜிடிஐ வந்து நின்றது. வந்தவன் தூரத்துச் சொந்தம், வயது 19. கையில் ஒரு கேபிள், பையில் லாப்டொப்.

"அண்ணா, ஸ்டேஜ் 1 ஃபைல் வாங்கிட்டன். நீங்கள் கொம்பியூட்டர் ஆள்தானே, ஏத்தித் தாங்கோ. பத்து நிமிஷ வேலை."

மாட்டேன் என்றேன். முகம் தொங்கிவிட்டது. தேநீர் கூடக் குடிக்காமல் எழும்பினான். காரில் ஏறும்போது ஒன்று கேட்டான்: "நீங்கள் என்ர வயசில செய்யேல்லையோ?"

செய்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவனுக்கு மட்டுமில்லை, உங்களில் பல பேருக்கு இந்த ஃபைல் ஏற்கெனவே டவுன்லோட் ஃபோல்டரில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று. நான் வேகத்துக்கு எதிரி இல்லை. டர்போ காற்றை இழுக்கும்போது முதுகு சீட்டில் ஒட்டுகிற அந்த நொடி எனக்கு இன்னும் பிடிக்கும். என் கோபம் அந்த ஃபைலின் மேல், அதை விற்கிறவர்கள் பேசுகிற பேச்சின் மேல்.

"கொம்பனி பூட்டி வைத்த சக்தியைத் திறந்துவிடுகிறோம்" என்பார்கள். ஏதோ உங்கள் சொத்தை யாரோ பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்ட மாதிரி. காரின் ஈசியுவுக்குள் இருப்பது பெட்டி இல்லை, அட்டவணைகள். இவ்வளவு ஆர்பிஎம், இவ்வளவு காற்று என்றால் எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் அடிப்பது, எவ்வளவு பெற்றோல் ஊற்றுவது, டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கலாம் என்று கட்டம் கட்டமாக எண்கள். 6000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு நொடிக்கு 50 தடவை வெடிக்கிறது. அந்த 50 தடவையும் ஈசியு அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. ஸ்டேஜ் 1 என்றால் பெரும்பாலும் ஒரு பாகமும் மாற்றாமல் அந்த எண்களை மட்டும் மாற்றுவது: அழுத்தத்தைக் கூட்டு, ஸ்பார்க்கை முன்னால் தள்ளு.

அப்படித் தள்ளினால் சக்தி வரும், பொய்யில்லை. ஆனால் அது எங்கேயிருந்து வருகிறது? தொழிற்சாலைப் பொறியியலாளர் விட்டுவைத்த இடைவெளியிலிருந்து. மோசமான பெற்றோல், 35 பாகை வெயில், மலையேற்றம், நாலு பேர் ஏறிய கார், ஒயில் மாற்ற மறந்த சொந்தக்காரர், எல்லாம் ஒரே நாளில் வந்தாலும் எஞ்சின் பிழைக்கவேண்டும் என்று விட்ட இடைவெளி அது. ஃபைல் எழுதினவர் உங்கள் எஞ்சினைக் கண்டதேயில்லை. அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்தச் சிலிண்டர் பலவீனம், இண்டர்கூலர் எவ்வளவு தாங்கும், ஒன்றும் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது உங்கள் கார்ட் இலக்கம் மட்டும்.

என் கதைக்கு வருகிறேன். 2012, எனக்கு 22 வயது. என்னிடம் இருந்தது ஜப்பானில் ஓடி முடிந்து இங்கே வந்த ஒரு டர்போ வேகன். கடன் அப்பாவின் பெயரில், இன்சூரன்ஸும் அப்பாவின் பெயரில். இணையத்தில் ஒரு ஃபைல் வாங்கினேன், அமெரிக்காவிலிருந்து. அதன் பெயரிலேயே 91 ஒக்டேன் என்று இருந்தது. எனக்கோ பரம சந்தோஷம். சக்தியும் கூடும், இனி விலை கூடின 98 அடிக்கத் தேவையில்லை, எங்கள் ஊர்ப் பம்பிலும் 91 இருக்கிறதே!

அமெரிக்கப் பம்பில் எழுதியிருக்கிற எண்ணும் எங்கள் பம்பில் எழுதியிருக்கிற எண்ணும் ஒரே அளவு இல்லை. நாங்கள் எழுதுவது ரோன் என்ற ஒரு சோதனையின் எண். அவர்கள் எழுதுவது அதையும், அதைவிடக் கடினமான இன்னொரு சோதனையின் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தது. அதனால் அவர்களுடைய 91 எங்கள் கணக்கில் 95, 96 பக்கம் வரும். எங்கள் 91 அவர்களுடைய 87 அளவுதான், அங்கே ஆகச் சாதாரணக் கார்களுக்கு அடிப்பது. ஜப்பானிலோ பிரீமியம் என்றால் 100ஐ ஒட்டி இருக்கும், என் வேகன் பிறந்தது அந்தப் பெற்றோலை நம்பி. மாஸ்டர்ஸ் படிக்கப்போகிற பெடியன் நான். ஒரு எண்ணுக்கு அலகு என்ன என்று கேட்காமல் டாங்கை நிரப்பினேன். இதை எழுத இப்பவும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று கிழமை கார் பறந்தது. நாலாவது கிழமை ஹாமில்டனில் ஒரு கல்யாணம். பெப்ரவரி வெயில். முன் சீட்டில் அப்பா, பின்னால் அம்மாவும் தங்கச்சியும், அம்மாவின் மடியில் பலகாரப் பெட்டி. பொம்பே ஹில்ஸ் ஏற்றத்தில் வலது லேனில் ஒரு ட்ரக்கை முந்தப் போனேன். தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். பிறகு இழுவை போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை, அந்தப் புகைக்குள்ளே வேகமாக வந்துகொண்டிருக்கிற கார்கள். இடப்பக்கம் ட்ரக். அம்மா "முருகா" என்றது மட்டும்தான் கேட்டது. எப்படியோ ஓரத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அந்தச் சத்தத்துக்குப் பெயர் நொக். ஸ்பார்க் தொடங்கிவைத்த தீ ஒழுங்காகப் பரவி வருவதற்கு முன்னால், மூலையில் நெரிபட்ட மிச்சக் கலவை தானாகவே வெடிப்பது. பிஸ்டனை அழுத்தித் தள்ளவேண்டிய விசை சுத்தியலடியாக விழும். ஈசியுவுக்கு இதைக் கேட்க ஒரு சென்சர் உண்டு, கேட்டதும் ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுக்கும். எனக்கு ஃபைல் எழுதித் தந்தவர் அந்தச் சென்சரின் கையையும் பாதி கட்டிவைத்திருந்தார் என்று பிறகு கராஜில் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. சென்சர் கத்தினால் சக்தி குறையும், சக்தி குறைந்தால் வாங்கினவன் முறைப்பாடு செய்வான், ஆகவே சென்சரின் வாயைப் பொத்து. ஒரு பிஸ்டனில் ரிங் இருக்கும் ஓரம் துண்டாக உடைந்திருந்தது. வேறு எஞ்சின் போட 6,000 டொலருக்கு மேல் போனது. அப்பா ஏழு மாதம் சனிக்கிழமைகளிலும் வேலைக்குப் போனார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

விற்றவருக்கு எழுதினேன். பதிலில் ஒரே ஒரு வரி: வீதிப் பாவனைக்கு அல்ல என்று போட்டிருக்கிறோமே. போய்ப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது, பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில்.

இதற்கு நீங்கள் சொல்லப்போகிற பதிலும் எனக்குத் தெரியும். "அண்ணா, கொம்பனிகளும் ஏமாத்துதுதானே? ஒரே எஞ்சினைச் சொஃப்ட்வெயரால் அமத்தி வச்சு மலிவு மொடல் எண்டு விக்கினம்." உண்மைதான். 1989 முதல் 2004 வரை ஜப்பான் கொம்பனிகள் தங்களுக்குள் பேசிவைத்து எந்தக் காருக்கும் 280 குதிரைச் சக்திக்கு மேல் கடதாசியில் எழுதவில்லை. சில எஞ்சின்கள் அதைவிடக் கூடக் கொடுத்தன என்பது ஊரறிந்த இரகசியம். 2022ல் மெர்சிடிஸ் தன் மின்சாரக் கார்களுக்கு வேகமான அக்சலரேஷனை ஆண்டுச் சந்தாவாக விற்கப்போவதாக அறிவித்தது: காரில் இருக்கிற மோட்டாருக்கே மறுபடி காசு. 2015ல் ஃபோக்ஸ்வாகன் பிடிபட்டதும் ஈசியுவில் எழுதிய கள்ளத்தால்தான். புகைச் சோதனை நடக்கிறது என்று கண்டால் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கிற டீசல் கார்கள், உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி. ஆகவே கொம்பனி எழுதின கோடு வேதம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அந்த இடைவெளியில் எவ்வளவு வியாபாரத் தந்திரம், எவ்வளவு பொம்பே ஹில்ஸ் ஏற்றத்துக்காக விட்டது என்று பிரித்துப் பார்க்க உங்களால் முடியுமா? அதுதான் கேள்வி. ஃபைலால் முடியாது. டைனோவில் ஏற்றி, எக்ஸோஸ்டில் வைட்பாண்ட் சென்சர் போட்டு, நொக்கைக் காதிலே கேட்டபடி, உங்கள் காரை, உங்கள் பெற்றோலில் ஓட்டிப் பார்க்கிற டியூனரால் முடியும். அவர் சில கார்களுக்கு "வேண்டாம், இந்த எஞ்சின் தாங்காது" என்று திருப்பி அனுப்புவார். அப்படிச் சொல்லத் தெரிந்தவரிடம் காசைக் கொடுங்கள்.

சென்சர் வயருக்கு இடையில் மாட்டுகிற பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டர்போ அழுத்தம் உள்ளதைவிடக் குறைவு என்று ஈசியுவுக்குப் பொய் சொல்கிற பெட்டி அது. இரவு பதினொன்றுக்கு வைட் ஸ்வான் ரோட்டில் படபடவென்று வெடிக்க வைக்கிறீர்களே, அது சக்தியே இல்லை. கால் எடுத்தபிறகும் பெற்றோலை ஊற்றி எக்ஸோஸ்டுக்குள் எரிப்பது. உங்கள் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டரைச் சுட்டு அப்பம் போடுகிறீர்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. அவுஸ்திரேலியாவில் சில மாநிலங்களில் பி-பிளேட் பிள்ளைகளுக்குச் சக்தி கூடின கார்களுக்குத் தடை உண்டு. இங்கே கார்களுக்கு அந்தத் தடை இல்லை, அதனால் தடுப்பு உங்கள் தலைக்குள்தான் இருக்கவேண்டும். மாற்றங்கள் ஒரு அளவைத் தாண்டினால் எல்விவி சான்றிதழ் வேண்டும். கைவைக்க முன் சான்றிதழ் கொடுப்பவரிடமே கேளுங்கள். வீதியில் பந்தயம் ஓடினால் காரை 28 நாள் கொண்டுபோய்விடுவார்கள், 2003 சட்டம். கார் நசுக்குகிற சட்டமும் 2009ல் வந்தது.

இன்சூரன்ஸ்தான் எங்கள் வீடுகளைக் கவிழ்க்கிறது. நியூசிலாந்தில் கார் இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. ஆட்களுக்குக் காயம் என்றால் ஏசிசி பார்க்கும், மற்றவருடைய காருக்கு அது ஒரு சதம் தராது. டியூன் செய்ததைச் சொல்லாமல் விட்டால் உங்கள் கொம்பனி கை விரிக்கலாம். நீங்கள் இடித்தது ஒரு புது போர்ஷாக இருந்தால்? பொலிசி யாருடைய பெயரில் இருக்கிறது என்று இப்போதே எழும்பிப் போய்ப் பாருங்கள். அப்பாவின் பெயரில் இருந்தால் பொய் சொன்னவர் கடதாசியில் அவர்தான்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை, அவர்கள் இதை வாசிக்கமாட்டார்கள் என்றாலும். பிள்ளை இஞ்சினியர் ஆகவேண்டும் என்று சொல்கிறீர்கள், பொனெட்டைத் திறந்தால் "கார் விசர்" என்கிறீர்கள். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தை முடிக்காதவர். உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, கழற்றிப் பூட்டிப் படித்தார். இங்கே கிறைஸ்ட்சர்ச்சில் லிங்க் என்ற கொம்பனி ஈசியு செய்து உலகமெங்கும் விற்கிறது. குயின்ஸ்டவுனிலிருந்து எச்பி அகடமி இதையே பாடமாக இணையத்தில் படிப்பிக்கிறது. இந்தக் குட்டி நாட்டில் இது ஒரு தொழில், மாமா. ஒளித்துச் செய்யவேண்டிய வேலையாக அதை ஆக்கினது நாங்கள். கராஜில் வெளிச்சமாகச் செய்ய விட்டிருந்தால் நானும் அந்த ஃபைலை இரவு இரண்டு மணிக்குத் தனியாக ஏற்றியிருக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மெசேஜ் போட்டேன். ஃபைலை ஏற்றாதே, கேபிளைத் தூக்கி எறியாதே. அதே கேபிளால் காரை உள்ளபடியே ஓட்டி அரை மணி நேரம் லொக் எடு: ஸ்பார்க் டைமிங், காற்று வெப்பம், அழுத்தம், நொக். எடுத்துக்கொண்டு வா, உட்கார்ந்து பார்ப்போம். பதில் இல்லை. திங்கள், செவ்வாயும் இல்லை. அவன் வேறு யாரிடமோ போய்விட்டான் என்றுதான் நினைத்தேன்.

நேற்றிரவு ஒரு படம் வந்தது, கிராஃப். கீழே: "அண்ணா, மேட்டில 3 டிகிரி தானா குறையுது. ஏன்? ஸ்டொக் காரிலயே!"

எந்தப் பம்பில், எந்தப் பெற்றோல் அடித்தாய் என்று கேட்டிருக்கிறேன்.