எதற்கு ஈடு?

இங்கிலீஷில் 'பே பேக்' என்றால் கடனைத் திருப்புவது. பழி வாங்குவதும் அதுவேதான். சிரிக்காதீங்க, நம்ம ஊர் 'கணக்குத் தீர்க்கிற'தும் அப்படித்தானே! அதையாவது பொறுத்துக்கலாம். 'காம்பன்சேஷன்'தான் தாங்கவில்லை. லத்தீனில் அதன் வேர், இரண்டையும் சேர்த்து எடைபோடுவது. நாமும் 'இழப்பீடு' என்கிறோம். ஈடு என்றால் சமம்.

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை (வரி இல்லை சார், ரோடு) கடக்கிறவரை அடித்துப்போட்டுவிட்டு வண்டி பறந்துவிட்டது. எந்த வண்டி என்றே தெரியவில்லை. செத்தவர் குடும்பத்துக்குச் சட்டம் தருவது 2 லட்சம். அதுவும் 2022 ஏப்ரலிலிருந்து. அதற்கு முன்பு வெறும் 25 ஆயிரம்! அதே ரோட்டுக்காக உங்கள் நிலத்தை எடுத்தால்? 2013 சட்டக் கணக்கில், நிலத்துக்கான தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு 'சொலேஷியம்', அதாவது ஆறுதல் தொகை.

மண் போனால் ஆறுதலாம், மனுஷன் போனால் ஈடாம். தொகையைக் கூட்டுங்கள். கூட்டுகிறவரை, அந்த விண்ணப்பத்தில் 'ஈடு' என்கிற இரண்டெழுத்தையாவது அடித்துவிடுங்கள்.