பறங்கி மொழி: ஆவணத்தில் இருக்கிறது, முன்பள்ளியில் இல்லை

மட்டக்களப்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை முன்பள்ளிக்குப் போகும் முன்பே பல போர்த்துக்கேயச் சொற்களைப் பேசத் தொடங்கிவிடுகிறது. கதிரை, மேசை, யன்னல், அலுமாரி, குசினி, சப்பாத்து, துவாய், பாண் எல்லாம் அந்த மொழி தந்தவை. போர்த்துக்கேயத்தின் உறவு மொழியான ஸ்பானியத்திலும் மேசைக்கு மேசா, பாணுக்கு பான் என்றுதான் பெயர். இவற்றை யாரும் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. முற்றத்திலும் குசினியிலும் விளையாடித் திரியும்போது காதில் விழுந்து நாவில் ஒட்டிக்கொள்கின்றன.

ஆனால் போர்த்துக்கேயத்தின் வழிவந்த மொழியை இன்னும் பேசிவரும் மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில், அது பெரும்பாலும் மூத்தவர்களின் மொழியாகச் சுருங்கிவிட்டது. பிள்ளைகள் தமிழிலேயே வளர்கிறார்கள்.

போர்த்துக்கேயர் வாவி நடுவே புளியந்தீவில் 1628 இல் கோட்டை கட்டினர். 1638 இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஆட்சி போன பின்னும் மொழி தங்கிவிட்டது. தச்சு வேலை, இரும்பு வேலை, தையல் என்று கைத்தொழில் செய்து வாழ்ந்த பறங்கியர் குடும்பங்கள் அதைக் காத்தன. 1970களில் அதை ஆராய்ந்த மொழியியலாளர் இயன் ஸ்மித், அதன் சொற்கள் போர்த்துக்கேயமாக இருந்தாலும் வசன அமைப்பு தமிழை நெருங்கியிருப்பதைக் காட்டினார். தமிழைப் போலவே வினைச்சொல் வசனத்தின் முடிவில் வரும்.

மொழி தேய்ந்ததற்குக் காரணங்கள் தெரிந்தவைதான். பாடசாலை தமிழில் நடக்கிறது. வேலைக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தேவைப்படுகின்றன. பலர் அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தனர். பறங்கியர் செறிந்து வாழ்ந்த டச்பார் பகுதியை 2004 சுனாமி சிதைத்தது.

அண்மைய ஆண்டுகளில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ தலைமையிலான குழு, இந்த மொழியின் பேச்சையும் பாட்டுகளையும் ஒலி, ஒளிப்பதிவுகளாக ஆவணப்படுத்தியது. இது பெரிய பணி. ஆனால் ஆவணக் காப்பகம் மொழியின் குரலைப் பாதுகாக்கலாமே தவிர, அதைப் பேசும் பிள்ளையை உருவாக்காது.

அதற்கு வழிகாட்டும் முன்னுதாரணம் நியூசிலாந்தில் உள்ளது. மாவோரி மக்கள் 1982 இல் 'மொழிக்கூடு' என்ற பொருள்படும் கோஹங்கா ரேயோ முன்பள்ளிகளைத் தொடங்கினர. பாட்டன் பாட்டிமார் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு மாவோரியில் மட்டுமே பேசினர். விளையாட்டு, பாட்டு, சாப்பாடு, தூக்கம் எல்லாமே அந்த மொழியில் நடந்தன.

மட்டக்களப்பில் முழுநாள் மொழிக்கூடு இப்போதைக்குச் சாத்தியமில்லை. வாரத்தில் சில மணிநேரம் சாத்தியம். பறங்கியர் வாழும் இடத்து முன்பள்ளிக்கு மொழி தெரிந்த மூத்தவர் ஒருவர் வரட்டும். கடை விளையாட்டில் பாண் வாங்கலாம், சோறு கறி விளையாட்டில் மேசையில் கோப்பை வைக்கலாம், ஒளித்துப் பிடித்து விளையாடும்போது எண்ணலாம். கப்ரிஞ்ஞா ஆட்டமும் பாட்டும் ஏற்கனவே கையில் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: படம் காட்டிப் பெயர் சொல்லவைப்பதோடு நின்றால் இருபது சொற்கள்தான் மிஞ்சும். 'கொண்டு வா', 'எனக்குத் தா', 'யார் அங்கே' என்று விளையாட்டே அந்த மொழியில் நடக்க வேண்டும்.

சிங்களமும் ஆங்கிலமும் இருக்க இது எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இங்கே பரீட்சையும் இல்லை, புத்தகமும் இல்லை. மற்ற மொழிகளின் நேரத்தை இது பறிக்கப்போவதுமில்லை. பிள்ளைக்கு அது விளையாட்டு நேரம். அம்மம்மாவோடு பேச ஒரு மொழியும் கிடைக்கிறது.

முன்பள்ளிகளின் மேற்பார்வை மாகாண சபைக்குரிய விடயம். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இல் முடிந்த பின் தேர்தல் ஆண்டுக்கணக்காக இழுபட்டது. சிறிய சமூகமொன்றின் மொழிக்காகக் குரல் கொடுக்க மக்கள் பிரதிநிதிகள் அங்கே இருக்கவில்லை. ஆனாலும் முன்பள்ளிப் பொறுப்பாளர்களும் மட்டக்களப்புக் கத்தோலிக்கப் பறங்கியர் ஒன்றியமும் சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டொரு முன்பள்ளிகளில் தொடங்கிவிடலாம். கட்டடம் தேவையில்லை. மூத்தவர்களின் போக்குவரத்துச் செலவும் ஒரு சிறு கொடுப்பனவும் போதும்.

தேவையான ஆசிரியர்கள் இன்று இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் வயதானவர்கள். தேர்தலுக்கும் நிதி ஒதுக்கீட்டுக்கும் காத்திருந்தால், திட்டம் வரும்போது பேசிக்காட்ட ஆள் இருக்கமாட்டார்கள்.