நீங்கள் கேட்கவில்லையே, பிள்ளை

சென்ற இதழில் குடும்ப வைத்தியரிடம் பெயர் பதிவது பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு தங்கச்சி தொலைபேசியில் கேட்டா: "அக்கா, டொக்டரைப் பற்றி எழுதினீங்கள், சரி. இந்த நேர்ஸ்மார் ஏன் இவ்வளவு கேள்வி கேக்கினம்? வீட்டில எத்தனை பேர், ஆர் சமைக்கிறது, நித்திரை வருதோ, மனக்கவலை இருக்கோ எண்டு. வருத்தத்துக்குப் போனால் வருத்தத்தைப் பாக்கிறதுதானே?"

நியாயமான கேள்வி. இம்முறை அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். பதிலோடு என்னுடைய ஒரு பிழையையும் சொல்லவேண்டி இருக்கிறது.

எங்கள் மாசிக்குப் புதிதாக வருகிறவர்கள் பெயரைக் கேட்டதும் மாசிக் கருவாட்டை நினைத்துச் சிரிப்பார்கள். பிறகு டொன் பக் வீதியில் பஸ்ஸுக்கு மழையில் நின்று பழகிவிடுவார்கள். அப்படி வந்த குடும்பமொன்றில் எழுபது வயது கடந்த ஒரு அம்மா. நீரிழிவு. காலையில் இன்சுலின் ஊசி, குளிசை வேறு. மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் பின்னேரம் வரை தனியே இருப்பா. அவவின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற தாதியரில் நானும் ஒருத்தி. (அவவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.)

அவவின் மீற்றரில் இடையிடையே 3.1, 2.9 என்று காட்டியது. ஊரில் 110, 140 என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த எண்கள் விளங்காது. இங்கத்தைய எண்ணைப் 18 ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வரும். 2.9 என்றால் ஏறக்குறைய 52. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும், கவனியாமல் விட்டால் மயக்கம் வரும். தனியே இருக்கிற வயோதிபருக்கு அது சின்ன விஷயமல்ல.

நான் என்ன செய்தேன்? ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கிறா என்று எண்ணைப் பார்த்தே கண்டுபிடித்தேன். அது சரிதான். பிறகு, "என்னம்மா இது, சின்னப்பிள்ளையள் மாதிரி? ஊசி போட்டால் சாப்பிட வேணும் எண்டு எத்தனை தரம் சொல்லுறது?" என்று ஏசினேன். அவ "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்றா. அடுத்த கிழமையும் 3.0. திரும்பவும் ஏசினேன். தமிழ் அம்மா, தமிழ்த் தாதி, இடையில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகிறது என்ற நினைப்பு.

பிறகு நான் விடுமுறையில் நின்ற கிழமையில் வேறொரு தாதி போனா. இந்நாட்டு வெள்ளைக்காரப் பெண். தமிழில் "வணக்கம்" கூடத் தெரியாது. தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைத்துக்கொண்டு மீற்றரின் நினைவில் இருந்த பழைய எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தா. குறைந்த எண்கள் எல்லாம் ஒரே கிழமை நாளில் வருவதைக் கவனித்தா. நான் எண்ணைப் பார்த்தேனே தவிர நாளைப் பார்க்கவில்லை. அவ கேட்டது ஒரே கேள்வி: "வெள்ளிக்கிழமை உங்களுக்கு எப்படியான நாள்?"

அந்த அம்மா அழத் தொடங்கிவிட்டா.

அவவின் இளைய மகன் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் காணாமற் போனவர். அவர் வரும்வரை வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் விளக்கேற்றும் வரைக்கும் பல்லில் தண்ணீரும் படாமல் இருப்பதாக நேர்த்தி. மருமகளுக்குத் தெரியாது, தெரிந்தால் மறிப்பா என்று மறைத்திருக்கிறா. ஊசியையும் விடவில்லை, ஏனென்றால் "ஒருநாளும் ஊசியைத் தவறவிடக்கூடாது" என்று நாங்கள்தானே சொல்லியிருந்தோம்! எங்கள் சொல்லையும் கேட்டு, கடவுளுக்குக் கொடுத்த சொல்லையும் காப்பாற்றி, இரண்டுக்கும் நடுவில் மயங்கி விழப் பார்த்தா.

நான் திரும்பி வந்தபின் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் கேக்கேல்லையே பிள்ளை. பேசினனீங்கள்" என்றா. கொஞ்சம் பொறுத்து, "நீங்களும் எங்கட ஆள். இன்னும் மகன் வருவான் எண்டு இருக்கிறா எண்டு கோயிலடியில ஆரும் கதைச்சால்?" என்றா. முகம் தெரியாத மொழிபெயர்ப்பாளரின் குரலுக்குச் சொல்ல முடிந்தது எனக்குச் சொல்ல முடியவில்லை. எனக்குக் கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தது.

இனித் தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். தாதி ஒருவருக்கு நோயாளியைப் பற்றி எப்படித் தெரியவருகிறது? பார்பரா கார்ப்பர் என்ற அமெரிக்கத் தாதி 1978 இல் எழுதிய ஒரு கட்டுரையில் நாலு வழிகளைச் சொன்னார். அளந்து அறிகிற விஞ்ஞானம் ஒன்று: மீற்றர், இரத்த அழுத்தம், ஆய்வுகூட முடிவு. மற்றது கலை என்று அவர் சொன்னது. முகத்தையும் அசைவையும் பார்த்து, இந்த ஆளுக்கு இந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று பிடித்துக்கொள்வது. மூன்றாவது தன்னைத் தான் அறிவது. நாலாவது எது சரி, எது செய்யத் தகாதது என்ற அறம். 1995 இல் ஜில் வைற் என்ற அவுஸ்திரேலியத் தாதி இவற்றோடு ஐந்தாவதையும் சேர்த்தார்: நோயாளியும் தாதியும் எந்தச் சமூகத்தில், எந்த அரசியலுக்குள் நிற்கிறார்கள் என்ற அறிவு.

இந்த ஐந்தாவது எங்களுக்கு விளக்கம் சொல்லவேண்டாத ஒன்று. 1987 ஒக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய இராணுவம் புகுந்து நோயாளரையும் வைத்தியரையும் தாதியரையும் சுட்டுக் கொன்றது. அந்தத் தலைமுறையில் ஒருவர் இங்கே வார்டில் இரவு முழுக்க நித்திரை கொள்ளாமல் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தால், மீற்றர் அதற்குக் காரணம் சொல்லாது. கேட்டால்தான் தெரியும். நித்திரை வருகிறதோ, மனக்கவலை இருக்கிறதோ என்று கேட்பது விடுப்புக்காக அல்ல.

எனக்கு இல்லாமற் போனது மூன்றாவது, தன்னைத் தான் அறிவது. இந்த நாடு அதைத் தாதியருக்குக் கட்டாயப் பாடமாக்கிய கதை கொஞ்சம் பெரியது. ஆனாலும் அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

தாதியரைப் பதிவு செய்வதற்கென்றே தனிச் சட்டம் இயற்றிய முதல் நாடு நியூசிலாந்துதான், 1901 இல். ஆனால் அந்தப் பெருமைக்குள் மாவோரி மக்கள் அவ்வளவாகச் சேரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அவமானப்படுவோம் என்று நோய் முற்றிய பிறகே வருகிறவர்கள் பலர். 1988 இல் கிறைஸ்ட்சேர்ச்சில் மாவோரித் தாதியரும் மாணவிகளும் கூடிய ஒரு கூட்டத்தில் ஒரு மாணவி எழுந்து, சட்டப் பாதுகாப்பு, மருத்துவப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்கள், பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டாள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்வித் திட்டமாகவே வளர்த்தவர் இரிஹபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரித் தாதி. மாவோரி மொழியில் அதன் பெயர் 'கவா ஃபகருருஹௌ'. 1992 இல் நியூசிலாந்துத் தாதியர் சபை அதைத் தாதியர் படிப்பில் கட்டாயமாக்கியது. பத்திரிகைகள் பொங்கி எழுந்தன. மாணவர்களுக்கு அரசியல் புகட்டுகிறார்கள் என்று சண்டை. 1995 இல் பாராளுமன்றக் குழு வரைக்கும் போய் விசாரித்தார்கள். பாடம் நின்றது. ராம்ஸ்டன் 2003 இல் காலமானார்.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது இது: பண்பாட்டுப் பாதுகாப்பு என்பது மற்றவரின் வழக்கங்களைப் பட்டியல் போட்டுப் பாடமாக்குவதல்ல. இந்து என்றால் மரக்கறி, தமிழர் என்றால் இப்படி என்று எழுதி வைத்தால், மீன் குழம்பில்லாமல் சோறு இறங்காத எங்கள் ஆட்களுக்குப் பருப்பையே கொடுத்துக்கொண்டிருப்பார்கள். (இது எனக்குத் தெரிந்த ஒரு அப்பாவுக்கு நடந்தது. நாலு நாள் பொறுத்துவிட்டு ஐந்தாம் நாள் மகளிடம் கருவாட்டுச் சம்பல் கேட்டிருக்கிறார்.) தாதி முதலில் பார்க்கவேண்டியது தன்னைத்தான்: எனக்கு இங்கே என்ன அதிகாரம் இருக்கிறது, என்ன நினைப்போடு இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறேன்? கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்மானிப்பது தாதி அல்ல, கவனிப்பைப் பெற்றவர். அந்த அம்மாவின் தீர்ப்பு வந்துவிட்டது: "பேசினனீங்கள்." ஒரே மொழி பேசினாலும் சீருடை போட்டவள் நான், கட்டிலில் இருந்தவ அவ.

ஊரில் நாங்கள் படித்ததும் வேலை செய்ததும் வேறு மாதிரி. ஒரு வார்டுக்கு இரண்டு பேர், நிலத்திலும் நோயாளர். கேட்க எங்கே நேரம்? மிஸி ஏசுவா, நோயாளி "ஓம்" என்பார். அந்த ஏச்சில் அன்பும் இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நோயாளியின் மொழியில் வைத்தியம் நடக்கவேண்டும் என்பது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் 1864 இலிருந்து மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். தமிழில் படித்த வைத்தியர் கிராமத்துச் சனத்தோடு நிற்பார் என்பது அவர் எண்ணம்.

இங்கே உங்களுக்கு என்ன உரிமை என்பது எழுத்தில் இருக்கிறது. 1980களில் ஓக்லாந்திலேயே, பெண்களுக்கான ஒரு ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்குத் தெரியாமல் ஒரு ஆய்வு நடந்திருந்தது வெளியே வந்தது. நீதிபதி சில்வியா கார்ட்றைட் விசாரித்து 1988 இல் அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1996 ஜூலை முதலாம் திகதி நோயாளர் உரிமைக் கோவை நடைமுறைக்கு வந்தது. பத்து உரிமைகள். முதலாவது மரியாதை, உங்கள் பண்பாடு, சமயம், நம்பிக்கைகளைக் கருத்தில் எடுப்பதும் அதற்குள் அடங்கும். ஐந்தாவது உங்களுக்கு விளங்குகிற முறையில் பேசுவது. தேவைப்பட்டு, இயலுமான இடத்தில், தகுதியான மொழிபெயர்ப்பாளரும் அதில் சேரும்.

ஆகவே நேரம் எடுக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை. அவர்கள் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆணா பெண்ணா வேண்டும் என்றும் கேட்டுப் பார்க்கலாம். தயவுசெய்து பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முன்னால் எந்த அம்மம்மா தன் துக்கத்தைச் சொல்லுவா? சொன்னாலும் பிள்ளை அதை எங்கே கொண்டுபோய் வைக்கும்?

விரதம் பிடிக்கிறவர்கள், நாட்டு மருந்து குடிக்கிறவர்கள், குளிசையைப் பாதியாக முறிக்கிறவர்கள் எல்லோரும் அதைத் தாதியிடம் சொல்லிவிடுங்கள். கந்தசஷ்டிக்கு முன்பே சொன்னால் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற வழி இருக்கிறது. நீங்களாக ஊசியை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். யாரும் ஏசினால், ஏசுகிறார்கள் என்றும் சொல்லுங்கள். தமிழ்த் தாதியாக இருந்தாலும்.

அந்த அம்மாவின் விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். நேர்த்தியை விடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அந்த வெள்ளைக்காரத் தாதியும் வைத்தியரும் மொழிபெயர்ப்பாளரோடு அவவுடன் இருந்து கதைத்தார்கள். பாலும் பழமும் எடுத்தால் நேர்த்தி முறியாது என்று அவவே ஒரு முடிவுக்கு வந்தா. ஊரில் தன் தாயார் அப்படித்தான் பிடித்தவ என்று அப்போதுதான் ஞாபகம் வந்ததாம். வெள்ளிக்கிழமைக்கு வைத்தியர் வேறு அளவு எழுதிக் கொடுத்தார். மருமகளுக்கு யார் சொல்வது என்பதில்தான் கன நேரம் போனது. கடைசியில் அம்மாவே சொன்னா. மருமகள் இப்போது வெள்ளிக்கிழமைகளில் பின்னேர வேலையை மாற்றிக்கொண்டு விளக்கேற்ற வீட்டில் நிற்கிறா.

போன வெள்ளிக்கிழமை நான்தான் போனேன். மீற்றர் 6.4 காட்டியது. "சாப்பிட்டனீங்களோ?" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, மகனின் பெயரைக் கேட்டேன். படத்தை எடுத்து வந்து காட்டினா.