மூக்கின் மேல் ஒரு பச்சைக் கோடு

காட்டு விலங்குகள் என்று கேலி செய்யப்பட்ட ஓவியர்கள், வண்ணத்தைப் பொருளின் பிடியிலிருந்து விடுவித்தார்கள். அதில் வெறியைவிடக் கணக்குதான் அதிகம்.

1905 அக்டோபரில் பாரிஸின் கிராண்ட் பாலே மண்டபத்தில் இலையுதிர்கால ஓவியக் காட்சி நடந்தது. ஏழாம் எண் அறைக்குள் நுழைந்தவர்கள் சிரித்தார்கள், சிலர் ஆத்திரப்பட்டார்கள். அங்கே அதிக ஏச்சு வாங்கியது ஒரு பெண்ணின் உருவப்படம். பெரிய தொப்பி, கையுறை, விசிறி என்று அன்றைய பாரிஸ் நாகரிகத்தின் அடையாளங்கள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் நெற்றியிலும் மூக்கிலும் பச்சை ஓடியது. கழுத்து ஆரஞ்சாக இருந்தது. பின்னணியில், எந்த இடம் என்றே சொல்ல முடியாதபடி வண்ணத் திட்டுகள். ‘தொப்பி அணிந்த பெண்’ என்ற அந்தப் படத்தை வரைந்தவர் ஹென்றி மத்தீஸ். மாடலாக உட்கார்ந்தவர் அவருடைய மனைவி அமேலி.

அதே அறையின் நடுவில் இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணியில் அமைந்த ஒரு சிற்பமும் இருந்தது. விமர்சகர் லூயி வோக்ஸெல் அதைப் பார்த்துவிட்டு, காட்டு விலங்குகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தொனாத்தெல்லோ என்று ‘கில் பிளா’ பத்திரிகையில் கிண்டலடித்தார். தொனாத்தெல்லோ 15ஆம் நூற்றாண்டின் இத்தாலியச் சிற்பி. காட்டு விலங்குக்குப் பிரெஞ்சுச் சொல் ‘ஃபாவ்’. கொள்கை அறிக்கையோ உறுப்பினர் பட்டியலோ இல்லாத ஒரு ஓவியர் கூட்டத்துக்கு அந்தக் கேலியே பெயராக நிலைத்துவிட்டது. ஃபாவிசம் பிறந்தது இப்படித்தான்.

மத்தீஸுக்கு இது விளையாட்டல்ல. அப்போது அவருக்கு 35 வயது. மூன்று பிள்ளைகள். வக்கீல் குமாஸ்தா வேலையை உதறிவிட்டு ஓவியத்துக்கு வந்தவர். சில ஆண்டுகளுக்கு முன்பு தொப்பிக் கடை நடத்திக் குடும்பத்துக்குத் தோள் கொடுத்தவர் அமேலி. ஊரே பார்த்துச் சிரித்தது அவருடைய முகத்தைத்தான். கடைசியில் பாரிஸில் குடியிருந்த அமெரிக்கர்களான ஸ்டைன் குடும்பத்தினர் 500 ஃபிராங்க் கொடுத்துப் படத்தை வாங்கினார்கள். இன்று அது சான் ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தின் பெருமைகளில் ஒன்று.

முகம் எங்காவது பச்சையாக இருக்குமா என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. மறுமலர்ச்சிக் காலத்திலிருந்தே ஐரோப்பிய ஓவியத்தில் வண்ணம் பொருளுக்குச் சொந்தம். புல் பச்சை, தோல் இளஞ்சிவப்பு. மேடுபள்ளம் காட்ட வேண்டுமா? அதே நிறத்தில் கொஞ்சம் கருமையையோ பழுப்பையோ கலந்து நிழல் போட வேண்டும். 1870களில் இம்ப்ரெஷனிஸ்டுகள் பொருளின் நிறத்தைவிட வெளிச்சத்தின் நிறத்தைத் தேடினார்கள். ஆனாலும் அவர்கள் கண் கண்டதற்குக் கட்டுப்பட்டவர்கள். வான்கோவும் கொகேனும் அந்தக் கட்டையும் தளர்த்தினார்கள். சோராவும் சின்யாக்கும் தூய வண்ணங்களைப் புள்ளிகளாக அடுத்தடுத்து வைத்தார்கள். 1904 கோடையில் சின்யாக்கின் அருகில் இருந்து மத்தீஸ் இந்த முறையையும் பரீட்சித்துப் பார்த்தார்.

திருப்பம் அடுத்த கோடையில் நிகழ்ந்தது. ஸ்பெயின் எல்லைக்கு அருகே மத்தியதரைக் கடலோரத்தில் கொலியூர் என்றொரு மீன்பிடி ஊர். அங்கே மத்தீஸும் 25 வயது ஆந்த்ரே தெரேனும் சேர்ந்து வரைந்தார்கள். புள்ளிகள் பெருத்துத் தீற்றல்களாயின. தீற்றல்கள் விரிந்து பரப்புகளாயின. இடையிடையே வெறும் கேன்வாஸ் வெள்ளையாகவே விடப்பட்டது. அங்கே மத்தீஸ் வரைந்த ‘திறந்த ஜன்னல்’ அரை மீட்டருக்குச் சற்றே அதிகமான உயரம் கொண்ட சிறிய படம். இடப்பக்கச் சுவர் நீலப்பச்சை, வலப்பக்கச் சுவர் ரோஜா நிறம். இடச் சுவரின் நிறம் வலப்பக்கக் கண்ணாடியிலும், வலச் சுவரின் நிறம் இடப்பக்கக் கண்ணாடியிலும் தெரிகின்றன. வெளியே ரோஜா நிற அலைகளில் படகுகள். கறுப்பு கலந்த நிழல் இல்லை. ஆனாலும் படம் முழுவதும் வெயில்.

அதே ஆண்டில் அமேலியை வைத்து மத்தீஸ் வரைந்த இன்னொரு உருவப்படம் இந்த முறையின் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறது. கோபன்ஹேகனில் இருக்கும் அந்தப் படத்தில் நெற்றியிலிருந்து மூக்கின் வழியாக ஒரு பச்சைக் கோடு இறங்கி முகத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பாதி மஞ்சள், மறுபாதி ரோஜா. வழக்கமான ஓவியர் நிழல் போட்டிருக்கும் இடத்தில்தான் அந்தக் கோடு விழுகிறது. வெளிச்சமும் இருட்டும் செய்த வேலையை இங்கே சூடான வண்ணமும் குளிர்ந்த வண்ணமும் செய்கின்றன. ரோஜா நிறக் கன்னத்துக்குப் பின்னால் பச்சைப் பின்னணி. பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பும், நீலத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்பது சாயத் தொழிலில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். ஒரு வண்ணத்தை மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கதகளியில் பச்சை முகத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. பச்சை என்றால் உயர்குண நாயகன் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஃபாவிஸ்டுகளின் பச்சையை அப்படிப் படிக்க முடியாது. அதற்கு அகராதி கிடையாது. அது பொறாமையும் அல்ல, நோயும் அல்ல. பக்கத்தில் இருக்கும் வண்ணத்தோடு சேர்ந்துதான் அதற்கு அர்த்தம், சங்கீதத்தில் ஒரு ஸ்வரம்போல.

காட்டு விலங்கு என்ற பெயருக்கு ஓரளவு பொருத்தமானவர் மோரிஸ் விளாமிங்க் ஒருவர்தான். சைக்கிள் பந்தய வீரர், வயலின் வாசித்துப் பிழைத்தவர், ஓவியப் பள்ளியை மதிக்காதவர். டியூப்பிலிருந்து பிதுக்கிய வண்ணத்தை அப்படியே அப்பினார். தெரேன் நிதானமானவர். மோனேயின் லண்டன் காட்சிகளுக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்ட ஓவிய வியாபாரி வொலார், 1906இல் தெரேனை அங்கே அனுப்பினார். மோனே பனிமூட்டத்தைப் பார்த்த தேம்ஸ் நதியில் தெரேன் மஞ்சளையும் ரோஜாவையும் வைத்தார்.

இதெல்லாம் மூன்று நான்கு ஆண்டுகள்தான் நீடித்தது. 1907இல் நடந்த செசான் நினைவுக் கண்காட்சி இளம் ஓவியர்களின் கவனத்தை வண்ணத்திலிருந்து வடிவத்துக்குத் திருப்பியது. ஃபாவிஸ்டாக இருந்த பிராக், பிக்காஸோவுடன் சேர்ந்து கியூபிசத்தின் பழுப்புக்கும் சாம்பலுக்கும் போனார். தெரேனின் வண்ணங்களும் இருண்டன. 1954இல் இறக்கும்வரை வண்ணத்தை விடாதவர் மத்தீஸ். முதுமையில் தூரிகை பிடிக்க முடியாதபோது வண்ணம் தீட்டிய காகிதங்களைக் கத்தரித்து ஒட்டினார்.

ஏழாம் அறையில் சிரித்தவர்களுக்கு அவர் 1908இல் எழுதிய ஒரு கட்டுரை ஆச்சரியம் தந்திருக்கும். சமநிலையும் அமைதியும் கொண்ட கலையே தன் கனவு என்றார். அலுத்துப்போன மனிதனுக்கு ஒரு நல்ல சாய்வு நாற்காலி தரும் சுகத்தைத் தன் ஓவியம் தர வேண்டுமாம். காட்டு விலங்கு ஆசைப்பட்டது அதற்குத்தான்.