பூட்டின வீடும் நாலு வகைக் கொசுவும்

லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு சிங்கப்பூர் திரும்பும் நம்ம ஆட்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "அந்தச் சாக்கடையைப் பார்த்தீங்களா சார்? டெங்கு வராம என்ன செய்யும்?" நான் சித்தூர்க்காரன். ரோஷம் வருகிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும் :-) விஷயமே தப்பு என்பதுதான் என் கட்சி.

'கொசு' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். நாலு தனித்தனிக் கணக்கை ஒரே தலைப்பில் எழுதினால் ஆடிட்டர் விடுவாரா? ஒவ்வொரு கொசுவுக்கும் தண்ணீர் வேறு, கடிக்கும் நேரம் வேறு, கொண்டுவரும் வியாதியும் வேறு.

எங்கள் பக்கத்தையே பாருங்கள் (2022ல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது, எனக்கு இன்னும் ரெண்டும் ஒன்றுதான்). ஸ்ரீகாளஹஸ்திப் பக்கம் நெல் வயல். வயல் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் பெரும்பாலும் மாட்டைத்தான் கடிக்கும். ஆனால் கொக்கு, பன்றியிடமிருந்து ஜப்பானிய மூளைக்காய்ச்சலை மனிதனிடம் கொண்டுவருவதும் அதுதான். இந்தியாவில் அந்த நோய் முதலில் தெரியவந்தது 1955ல், சித்தூருக்குப் பக்கத்து வேலூரில்.

சேஷாசலம் மாதிரி மலைக்காட்டில் மரப்பொந்து, பாறைக்குழி, மூங்கில் துண்டில் தேங்கும் மழைநீரே போதும், ஏடிஸ் வகைகள் வளர்ந்துவிடும். சாக்கடையில் இருப்பது இன்னொரு கியூலெக்ஸ். ராத்திரியில் கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும். டெங்குவின் முக்கியக் குற்றவாளி ஏடிஸ் எஜிப்தி. அது வீட்டுக்குள் டிரம், சிமெண்ட் தொட்டி, ஃப்ரிட்ஜ் பின்னாலிருக்கும் தட்டில் வளரும், பகலில் கடிக்கும். மூடாத கிணறும் மொட்டைமாடி டேங்கும் நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சிக்கு இஷ்டம்.

அப்படியென்றால் தெருவில் புகை அடித்தால் என்ன ஆகும்? பறக்கிற கொசுவில் கொஞ்சம் சாகும். டிரம்முக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரம், பத்து நாளில் அடுத்த செட் தயார்!

"தண்ணியைச் சேர்த்து வைக்காதீங்க" என்று பெண்களுக்குப் புத்தி சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. குழாயில் தினமும் தண்ணீர் வந்தால் யார் டிரம்மில் பிடித்து வைக்கப் போகிறார்கள்? ஒழுங்காகத் தண்ணீர் விடுவதும் கொசு ஒழிப்புதான்.

இப்போது நம் பக்கம் வருவோம். வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலருக்கு ஊரில் பூட்டின வீடு ஒன்று இருக்கிறது. மாடியில் மூடி உடைந்த டேங்க், பின்கட்டில் மழை பிடிக்கும் பழைய தொட்டி, கூடவே ஒரு கிணறு. பூட்டு தொங்குவதால் மருந்து ஊற்ற வருபவரும் உள்ளே போக முடியாது. கடி வாங்குவது பக்கத்து வீட்டுக் குழந்தை. இங்கே பூந்தொட்டித் தட்டில் புழு இருந்தாலே அபராதம் என்று பயந்து துடைக்கிறோம். அங்கே கேட்க ஆளில்லை என்றால் விட்டுவிடலாமா?

அடுத்த தடவை போகும்போது டேங்குக்கு மூடி, கிணற்றுக்கு வலை போட்டுவிடுங்கள். தொட்டிகளைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், ஏனென்றால் ஏடிஸ் முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சாக்கடையைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.