மேஸ்திரிக்கு வாரிசு உண்டு, சித்தாளுக்கு?

குடும்பக் கட்டுமான நிறுவனம் ஏதாவது ஒன்றின் நூற்றாண்டு மலரைப் புரட்டியிருக்கிறீர்களா? முதல் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய தாத்தா. அடுத்து கோட் போட்ட மகன். அப்புறம் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பேரன். நடுநடுவே கட்டடங்கள். ‘நான்கு தலைமுறை நம்பிக்கை’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. கட்டுகிற ஆட்கள் இருந்தால், தூரத்தில், சாரத்தின் மேல், முகம் தெரியாத புள்ளிகளாக இருப்பார்கள்.

அந்த ‘நான்கு தலைமுறை’யோடுதான் எனக்குச் சண்டை. எங்கள் வீட்டிலும் நான்கு தலைமுறை கட்டட வேலை. அதற்கு யாரும் மலர் போடவில்லை.

எனக்கு ஊர் நாமகிரிப்பேட்டை. கிழக்கே கொல்லிமலை, சுற்றிலும் மஞ்சளும் மரவள்ளியும். ஊர்ப்பெயரை நாதஸ்வரத்தில் வைத்து உலகம் முழுக்கக் கொண்டுபோன கிருஷ்ணனின் மண். இசையில் ‘பரம்பரை’ என்றால் யார் யாரிடம் கற்றார் என்பதும் அதில் வரும். குரு பெயர், சீடர் பெயர், கூட வாசித்த தவில்காரர் பெயர் வரை சொல்வார்கள். மஞ்சள் ஏலத்தில் ஒரு குவியல் விரலி யாருடையது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. என் அம்மா சாந்துச் சட்டி சுமந்த கட்டடங்களுக்கு மட்டும் அப்படி எந்தக் கணக்கும் கிடையாது.

இந்தியாவின் பழைய குடும்பக் கட்டுமான நிறுவனங்களில் மிகப் பெரியது ஷாபூர்ஜி பல்லோன்ஜி. 1865-ல் தொடங்கியது. பம்பாய் சென்ட்ரல் ரயில் நிலையம், பிரேபோர்ன் ஸ்டேடியம், ரிசர்வ் வங்கிக் கட்டடம், 1970களில் ஓமன் சுல்தானுக்கு மஸ்கட்டில் அரண்மனை எனப் பட்டியல் நீளும். இந்தக் குடும்பத்தைப் பலருக்கும் டாடா சண்டையில்தான் தெரியும். 2012-ல் டாடா சன்ஸ் தலைவராகி 2016-ல் நீக்கப்பட்டாரே சைரஸ் மிஸ்திரி, அவருடைய குடும்பம்.

அந்தக் குடும்பப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். மிஸ்திரி. ‘மெஸ்த்ரே’ என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. கைத்தொழிலில் தேர்ந்தவன், தலைமைக் கைவினைஞன் என்று பொருள். அதே சொல்தான் நம்ம ஊரில் மேஸ்திரி. ஒரே சொல் மேற்குக் கடற்கரையில் ஒரு பேரரசின் குடும்பப் பெயராயிற்று. இங்கே, சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலி பிரித்துக்கொடுக்கும் ஆளின் பட்டமாக நின்றுவிட்டது. சொல்லுக்குள்ளேயே கதை முழுக்க இருக்கிறது: கட்டும் கையின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் கட்டவைக்கும் இடத்துக்குப் போனார்கள். பெயர் கூடவே போனது. கை இங்கேயே இருக்கிறது.

ஷாபூர்ஜி குடும்பத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1960-ல் வந்த ‘முகலே ஆஸம்’ படத்துக்குப் பணம் போட்டவர் ஷாபூர்ஜி பல்லோன்ஜி மிஸ்திரி. அந்தப் படத்தில் ஒரு சிற்பி வருகிறான். அரசனுக்கு அஞ்சாமல் பேசும் கலைஞன். அவன் பெயர் என்ன? ‘சங்தராஷ்’. கல் செதுக்குபவன் என்று அர்த்தம். தொழில்தான் பெயர். கட்டுமான முதலாளியின் பணத்தில் எடுத்த படத்திலும் கல்தச்சனுக்குச் சொந்தப் பெயர் வாய்க்கவில்லை. திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அப்படியே பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

‘அது பம்பாய் கதைங்க’ என்பீர்கள். சென்னைக்கே வருவோம். உயர் நீதிமன்றம், விக்டோரியா பப்ளிக் ஹால், கன்னிமாரா நூலகம். இவற்றைக் கட்டியது யார் என்று கேட்டால் இர்வின், சிஷோம் என்று வடிவமைத்த வெள்ளைக்காரர்களின் பெயர்கள்தான் முதலில் வரும். ஒப்பந்தம் எடுத்து நின்று கட்டியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. கணித மேதை ராமானுஜன் 1920-ல் இறந்தது சேத்துப்பட்டில், இவர் கொடுத்த வீட்டில்தான். எஸ்.முத்தையா போன்றவர்கள் எழுதி எழுதித்தான் இந்தப் பெயர் பொதுவெளிக்கு வந்தது. நல்ல காரியம். வெள்ளைக்காரப் பெயருக்குக் கீழே இருந்த தமிழ்நாட்டுப் பெயரைத் தோண்டி எடுத்தோம்.

ஆனால் அதோடு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டோம். நம்பெருமாள் செட்டிக்குக் கீழே யார் இருந்தார்கள்? 1892-ல் திறந்த நீதிமன்றத்தின் அத்தனை செங்கல்லையும் ஒரு செட்டியாரா அடுக்கினார்? அந்தக் குவிமாடங்களின் வளைவைக் கையால் கொண்டுவந்த கொத்தனாருக்கும் அப்பன், பாட்டன், பேரன் இருந்திருப்பார்களே?

எதிர்வாதம் தெரியும். முதலாளிதான் முதல் போடுகிறார், கடன் வாங்குகிறார், நஷ்டத்தைத் தாங்குகிறார். ஆயிரம் பேரை ஒரே இடத்தில் வேலை வாங்குவதும் ஒரு கலை. ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: குடும்பப் பெயர் போர்டில் இருந்தால், பெயர் கெடுமே என்ற பயமாவது இருக்கும்.

அந்தப் பயம் எதுவரை இறங்கி வருகிறது என்பதே என் கேள்வி. நிறுவனம் துணை ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கும். அவர் ஆள் பிடிக்கும் ஏஜென்டிடம். ஏஜென்ட் மேஸ்திரியிடம். மேஸ்திரி கடைசியில் என் அம்மாவிடம், ‘நாளைக்குக் கான்கிரீட், வெள்ளன வந்துரு’ என்பார். கட்டடம் நின்றால் பெருமை உச்சிப்படிக்கு ஏறும். விழுந்தால் உயிர் கடைசிப்படியில் போகும். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். பிழைக்க வந்த தொழிலாளர்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் உண்டு. அதில் ஒரு பெயரை உங்களால் சொல்ல முடியுமா? எனக்கும் தெரியாது. அதைத்தான் சொல்கிறேன்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தமிழ்நாடு இதில் முன்னோடி. உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-லேயே வந்தது, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல். மத்தியச் சட்டம் 1996-ல்தான். கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கு என்று அது சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் அந்தக் கணக்கு வெளிவந்தபோது, நாடு முழுக்க வசூலானது 37,000 கோடி ரூபாய்க்கு மேல். செலவானது சுமார் கால்பங்கு.

அந்தச் சட்டத்தின்படி பயனாளியாகப் பதிய, முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டியிருந்தது. இதை அம்மா மெனக்கெட்டு நிரூபிக்க அலைந்தாள். வேலை பார்த்த இடம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர். ஒரு மேஸ்திரி செத்துப்போனார். இன்னொருவர் போனை எடுக்கவில்லை. ‘கட்டடம் அங்கயேதானே கண்ணு நிக்குது, அதைப் போயிப் பாக்கச் சொல்லு’ என்றாள். 150 வருடத்துக்கு ஆவணம் வைத்திருக்கும் குடும்பங்களும், 90 நாளுக்கு ஆவணம் கிடைக்காத குடும்பங்களும் ஒரே கட்டடத்தில்தான் வேலை செய்கின்றன. இதுதான் ‘பரம்பரை’யின் முழு அர்த்தம்.

கடைசியாக, யாரும் எழுதாத ஒன்று. சித்தாள் என்பது சிற்றாள். சின்ன ஆள். பதினாறு வயதில் சும்மாடு வைத்த அம்மா, மூட்டு தேய்ந்து நிறுத்திய ஐம்பத்தைந்து வயதிலும் சின்ன ஆள்தான். அவளோடு வேலைக்குச் சேர்ந்த பையன்கள் இரண்டு மூன்று வருடத்தில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆனார்கள், சிலர் மேஸ்திரி ஆனார்கள். சாந்தின் பதம் அவர்களைவிட அவளுக்குத் தெரியும். தூக்குக்குண்டு பிடிக்காமலே சுவர் சாய்வதைச் சொல்லிவிடுவாள். கரணையை மட்டும் யாரும் கையில் கொடுக்கவில்லை. கம்பெனியில் மகனுக்குப் போவதுபோலவே, சாரத்தின் மேலும் தொழில் மகனுக்கே போகிறது. முதலாளியைத் திட்டும்போது நம் கொத்தனார்களையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டியிருக்கிறது.

என்ன செய்யலாம் என்பீர்கள். பெரிய புரட்சி எதையும் நான் கேட்கவில்லை. சினிமா முடிந்ததும் லைட்பாய் வரைக்கும் பெயர் ஓடுகிறது. அரசுப் பணத்தில் கட்டும் ஒவ்வொரு கட்டடத்திலும் திறந்துவைத்த அமைச்சரின் கல்வெட்டுக்குப் பக்கத்தில் கட்டியவர்கள் பெயரும் இருக்கட்டும். அதற்கு முன்னால், ஒவ்வொரு ஆளும் எந்தச் சைட்டில் எத்தனை நாள் வேலை செய்தார் என்று தலைமை நிறுவனமே கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டுக் கொடுக்கட்டும். கல்வெட்டுப் பெருமைக்கு, சீட்டுப் பென்ஷனுக்கு. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எனக்குச் சீட்டு போதும்.

நீங்கள் பாரம்பரிய நடை போகிறவர்கள், செங்கல் வளைவைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள். அடுத்தமுறை வழிகாட்டி, ‘இதைக் கட்டியது இர்வின்’ என்று தொடங்கினால், ஒரு கை தூக்குங்கள். ‘சாந்து சுமந்தது யாருங்க?’ என்று கேளுங்கள். பதில் வராது. பரவாயில்லை, கேளுங்கள்.

ராசிபுரம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அம்மா ஜன்னல் வழியாக ஒரு கல்யாண மண்டபத்தைக் காட்டுவாள். ‘அந்த மொத மாடித் தளம் நாங்க போட்டது.’ முகப்பில் முதலாளி பெயர் பித்தளையில் மின்னும். பஸ் தாண்டிவிடும். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவாள்.